வழுக்குமரத்துக் கெடா

நாகராசு தன் அண்ணன் அடைக்கலத்தின் சடலத்தின்மீது நீர்மாலைக் குடத்தைச் சாய்த்தபோது, கொல்லையிலிருந்து கெடா கத்தியது. ஒப்பாரி ஒரு கணம் தடுமாறிப் பின் தொடர்ந்தது. அமராவதி மட்டும் அழுகையை நிறுத்திக்கொண்டாள். தாலி இழந்தவள் தானிருக்க, இதற்கென்ன இத்தனை துக்கம் என்று அவள் நெஞ்சு எரிந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐயனார் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுபவனுக்குப் பரிசாக, நான்கு காலையும் கட்டி, அப்போது குட்டியாயிருந்த அந்தக் கெடாவைக் காலைமுதல் வெயிலில் கிடத்தியிருந்தார்கள். காவலுக்கு நின்ற சமஸ்தானத்துப் போலீஸ்காரர் உட்பட எவரும் அதற்கு ஒரு வாய் நீர் காட்டவில்லை. நாற்பது வயதைக் கடந்த அடைக்கலம், ஊரார் சிரிக்கச் சிரிக்க, எண்ணெய் பூசிய மரத்தில் ஏறினான். வென்ற கெடாவை அன்றே அறுத்துக் கூட்டாளிகளுக்கு விருந்து வைப்பதே வல்லத்திராக்கோட்டை வழக்கம். அவனோ கட்டை அவிழ்த்து, அதைத் தோளில் சுமந்து வீட்டுக்கு வந்துவிட்டான். கயிறு அறுத்த புண்களுக்கு நாள்தோறும் வேப்பெண்ணெய் தடவினான். அமராவதி காய்ச்சலில் கிடந்த மாதத்தில் அவள் நெற்றியை ஒருமுறையேனும் தொட்டானில்லை.

“ஒனக்குத்தான் வாய் இருக்கே, கேட்டு வாங்கிக்கிருவ” என்பான். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பாடையில் வைக்க அவனுடைய காவித் துண்டைத் தேடினார்கள். அதை நெற்பானைக்குள் ஒளித்துவைத்திருந்தவள் வாய் திறக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய நாகராசு, ஈரவேட்டியுடன் கொல்லையை எட்டிப் பார்த்தான்.

“மதினி, காரியத்தன்னைக்கு அந்தக் கெடாவப் போட்டுரலாமா? அண்ணன் படுத்ததுலேருந்து தண்ணி தொடல. தானாச் செத்தா யாருக்கும் ஆகாது.”

இக்கேள்விக்காகவே அவள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தாள்.

“இருங்க தம்பி, பாத்துட்டு வாரேன்.”

தொட்டி நீர் தளும்பி நின்றது. கெடா அவளைப் பொருட்படுத்தாமல் வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் நின்றவள், உள்ளே சென்று நெற்பானையைத் துழாவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தொட்டியருகே குந்தினாள். கெடா அதில் மூக்கைப் புதைத்து மோந்தது. பின்னர் தலை தாழ்த்தி நீரை உறிஞ்சத் தொடங்கியது.

“என்ன மதினி, போட்டுரலாமா?”

“வேணாம். அதுக்குத்தான் கேக்க வாயில்ல. நான் கேக்குறேன்.”

குடித்து முடித்த கெடா துண்டின் ஒரு முனையைக் கவ்வி இழுத்தது. மறுமுனையை அமராவதி விடவில்லை.