தட்டு வராத காலையில் போட்ட ஊசி

எலிசாளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஐந்தரை மணிக்கு எழுந்து சீதாலக்ஷ்மியைப் புரட்டி, முதுகு துடைத்து, விரிப்பு மாற்றி நிமிர்ந்தாள். நிமிர முடியவில்லை. களியக்காவிளைப் பக்கத்து ஆலையில் குந்தியிருந்து பன்னிரண்டு வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்ததில் கிடைத்த வலி அது.

ஆலை மூடியதும் தாசையனின் ஹோம் நர்ஸ் ஏஜென்ஸியில் சேர்ந்தாள். பயிற்சி மூன்றே நாள். பிரஷர் பார்க்க, ஊசி குத்த, விரலில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நான்காம் நாள் தாசையன் ஒரு நீலக் கோட்டைக் கையில் கொடுத்தான்.

"இனி நீ நர்சு. பேப்பர்ல எழுதியிருக்கத மட்டும் செய்யி. அந்த வீட்டுல கேள்வி ஒண்ணும் கேக்கப்பிடாது. கேட்டா, இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு திருப்பி அனுப்பிருவாவ."

அப்படித்தான் பத்து நாளைக்கு முன் அவள் ஸ்ரீவராகத் தெருவிலிருந்த அந்த வீட்டுக்கு வந்தாள். சீதாலக்ஷ்மிக்கு ஐம்பத்தாறு வயது. குளியலறையில் விழுந்து தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சர்க்கரை நோயும் நெடுநாளாக உண்டு; அறுவைக்குப் பிறகு இன்சுலினும் சேர்ந்திருந்தது. கணவர் கிருஷ்ணகுமார் காலையிலேயே ஆபீஸ் போய்விடுவார். சமையல் அவருடைய அக்கா நீலாம்பாள் பொறுப்பு. மடி என்று சொல்லி எலிசாளைச் சமையலறைக்குள் விடுவதில்லை. தட்டை நீலாம்பாளே கொண்டுவருவாள், அவளே எடுத்துப்போவாள். நோயாளி என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று நர்ஸுக்கு யாரும் சொன்னதில்லை. நர்ஸும் கேட்டதில்லை.

அன்று ஏழரைக்கு, டாக்டர் எழுதிய பேப்பரில் இருந்தபடி இருபத்திரண்டு யூனிட் இன்சுலின் போட்டாள். எட்டு மணிக்கு வரும் தட்டு வரவில்லை. அரை டம்ளர் வெந்நீர் மட்டும் வந்தது. எலிசாள் அதைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தாள். தாசையன் சொன்னது ஞாபகம் வர, வாளியைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டாள்.

ஒன்பதரைக்குத் திரும்பியபோது சீதாலக்ஷ்மியின் நைட்டி வியர்வையில் ஊறியிருந்தது. கை நடுங்கியது.

"அம்மா, என்ன செய்யுது?"

"பஸ் வந்துடுத்தா? என் கொடை எங்கே?"

எலிசாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். நீலாம்பாள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அவளை எழுப்பாதே. உபவாசம் இருக்கறச்சே வேர்க்கறது நல்லதுதான்."

"உபவாசமா?"

"ஏகாதசியோன்னோ. முப்பது வருஷமா அவ ஒண்ணுகூட விட்டதில்லை."

"ஊசி போட்டாச்சே மாமி! ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நர்ஸ் நீயா, நானா? நீன்னா கேட்டிருக்கணும்!"

எலிசாள் சீதாலக்ஷ்மியின் விரலில் குத்திப் பார்த்தாள். மெஷின் நாற்பத்தொன்று காட்டியது. இருநூறுக்கு மேல் போனால் ஆபத்து என்று படித்திருந்தாள். குறைந்தால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. படுக்கை நோயாளிகளைப் பார்க்க அந்தப் பகுதி வீடுகளுக்கு வாராவாரம் வரும் மலையாளத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் ஷைலஜாவைப் போனில் கூப்பிட்டாள்.

"நாப்பத்தொண்ணா? எடீ, பேரைச் சொல்லி விளிச்சா கண்ணு திறக்குதா? குடிக்க வெள்ளம் கொடுத்தா தொண்டையில இறங்குமா?"

"இறங்கும் சேச்சி. பேச்சுதான் சரியில்ல."

"முதுகைச் சாய்ச்சு இருத்தி, நாலு ஸ்பூன் பஞ்சாரை அரை கிளாஸ் வெள்ளத்துல கலக்கிக் கொடு. பதினஞ்சு மினிட்டு கழிஞ்சு பின்னேயும் குத்தி நோக்கு. போதம் போயி மயங்கினா வாயில ஒண்ணும் ஊத்தாதே, நூத்தியெட்டுக்கு விளி."

"சீனியா? சீனி வியாதிக்காரிக்கா?"

"ஆளு மரிச்சா பின்ன வியாதி எங்க இருக்கும்? ஓடுடீ!"

எலிசாள் சமையலறைக்கு ஓடினாள். நீலாம்பாள் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி மறித்தாள்.

"உள்ளே வராதே! நான் எடுத்துத் தரேன். ஆனா இன்னிக்கு அவ வாயிலே ஒண்ணும் படப்பிடாது. சாயங்காலம் பலகாரம் கொடுக்கலாம், அதுவரை பொறு..."

"சாயங்காலம் ஆளு இருக்க மாட்டாவ மாமி. மாறி நில்லும்!"

கையைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள். முதல் டப்பாவில் உப்பு. இரண்டாவதில் ரவை. மூன்றாவதில் சீனி. சீதாலக்ஷ்மியின் முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். பதினைந்து நிமிஷம் கழித்து ஐம்பத்தெட்டு. மறுபடியும் சீனித்தண்ணீர். அடுத்த முறை தொண்ணூற்றாறு. சீதாலக்ஷ்மி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஏண்டி எலிசா அழறே?" என்று கேட்டாள்.

சமையலறையில் நீலாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் ஆயுளில் ஏகாதசியன்று அரிசி களைந்தது அதுவே முதல் தடவை.

மதியம் ஷைலஜா வந்தாள். நோயாளியைப் பார்த்து, டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, கூடத்தில் நின்று இருவரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"விரதம் இருக்கணும்னா அதுக்கு முன்னே, ஆத்யம் டாக்டர்கிட்ட கேக்கணும் மாமி. ஆகாரத்தைக் கணக்காக்கித்தானே அவரு இன்சுலின் எழுதினது? நர்ஸை அடுக்களைக்கு வெளியில நிறுத்தினா, ரோகியைத்தான் வெளியில நிறுத்துறீங்க." எலிசாளிடம் திரும்பினாள். "நீ! தட்டைக் கண்ணால பாக்காம ஊசியைத் தொடாதே. அறியாதது குற்றமில்ல. அறியாம, அறிஞ்ச ஆளு மாதிரி கோட்டு போட்டு நிக்கறதுதான் குற்றம். கேட்டா மானம் போகாது. கேக்கலைன்னா ஒரு உயிர் போகும்."

அங்கேயே எலிசாள் தாசையனுக்குப் போன் போட்டாள். "மூணு நாளு படிப்பு பத்தாது அண்ணாச்சி. சுகர் குறைஞ்சா என்னன்னு மத்த பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்க."

"ஒனக்கு இனி டாக்டராவணுமோ?" என்று சிரித்துப் போனை வைத்துவிட்டான். அவனுடைய நீலக் கோட்டுகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஊசி போட்டுக்கொண்டிருக்கின்றன.

சாயங்காலம் சீதாலக்ஷ்மி எலிசாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என் மேலேதான். ஏகாதசின்னு நான் சொல்லலை. உனக்கு எப்படித் தெரியும்?"

தட்டு வராததைப் பார்த்தும் வாய் திறக்காமல் போனதை எலிசாள் அவளிடம் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். சீதாலக்ஷ்மியிடம் அவள் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.