நைலான் முடிச்சு

என் வீட்டுக்காரருக்குப் பட்டைத் தவிர வேறெதுவும் நூலே இல்லை. தறிக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் படிகாரத்தைக் கட்டவுமா பட்டு?

மகள் அகிலா ஏனாத்தூரில் வேதியியல் படிக்கிறாள். தெளிந்த, பெரிய படிகார ஸ்படிகம் ஒன்றை வளர்த்து, மாதக் கடைசியில் கல்லூரியில் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய ஆள் எடுப்பார்களாம். பிள்ளைக்கு அதே நினைப்பு.

படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து ஆறவைத்தாள். அடியில் கடுகளவு கற்கள் பிறந்தன. நல்லதாக ஒன்றை எடுத்து, நூலில் கட்டி, மறுபடி அந்தத் தண்ணீரிலேயே தொங்கவிட்டாள். நூல் கொடுத்தவர் அவள் அப்பா.

"நம்ம வூட்டுப் பட்டு. இதைவிட ஒசத்தி இன்னாமா இருக்குது?" என்று பீற்றிக்கொண்டார்.

இரண்டொரு நாளில் நூல் முழுக்க ஜவ்வரிசி ஒட்டினாற்போல் பொடிக் கற்கள். கட்டிய கல் அப்படியே கிடந்தது. அகிலா அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"பட்டுல எத்தினி இழைப்பா! ஒவ்வொண்ணுலயும் ஒரு கல்லு ஒட்டிக்கினு, தண்ணியில இருந்த படிகாரத்தைப் பங்கு போட்டுக்கிச்சி. வழவழன்னு ஒத்தை இழை வேணும். நைலான்தான் சரி."

"என் வூட்ல நைலானா?" என்று குதித்தார். தறியில் ஏற்றச் சொன்னதுபோல் ஒரு குதி.

நான் கலீம் பாய் கடையில் நைலான் தூண்டில் நரம்பு வாங்கிவந்து மகள் கையில் கொடுத்தேன். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தறியில் போய் உட்கார்ந்தார்.

அவள் கட்டக் கட்ட நரம்பு வழுக்கியது. கல் விழுந்து மூலை உடைந்தது. அடுத்ததும் விழுந்தது. உருப்படியாக இன்னும் ஒன்றுதான் மீதி. தறிச் சத்தம் நின்றது.

"இப்டி குடுமா."

அறுந்த பாவு இழையை நாள் முழுக்கப் பிணைக்கிற விரல்கள். ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கல் அசையாமல் நின்றது.

"நான் நைலானைத் தொட்டேன்னு தெருவுல யாருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

மாதக் கடைசிக்குள் அந்தக் கல் புளியங்கொட்டையைவிடப் பெரிதாகிவிட்டது. எட்டு முகமும் சீவிவைத்ததுபோல் பளபளப்பு. அகிலாவை ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பொடிக் கற்கள் ஒட்டிய அந்தப் பட்டு நூலை வீணாக்காமல் திருஷ்டிக்கு வாசலில் கட்டினேன்.

சாயங்காலம் பார்த்தால் மனிதர் அந்த ஸ்படிகத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நிற்கிறார்!

"முடிச்சைப் பாரு, நான் போட்டது."

எதிர்வீட்டுத் தறிக்காரர் சிட்டிபாபு குனிந்து பார்த்தார். "இன்னா மாணிக்கவாசகம், நைலானா?"

"பின்ன? பட்டுல கட்டினா கல்லு வளராதுபா. இதுகூடவா தெரியாது உனக்கு?"