ரோசால்பாவின் குரலில் ஓர் ஒப்பாரி

கம்பளிக் கூடாரத்தின் வெளியே, இடுப்பில் கச்சை கட்டி, கம்பை ஊன்றிக் குனிந்து நின்றார் மெலிஸ். உள்ளே அவருடைய அக்கா புருல் இறந்து கிடந்தாள். காராகோல் ஊர் வழக்கப்படி, துக்கம் கேட்க ஆள் வரும்போதெல்லாம் வீட்டு ஆண்கள் வாசலில் நின்று வாய்விட்டு அழ வேண்டும். வருகிறவர்கள் அதைக் கேட்டு மனசுக்குள் மதிப்பெண் போடுவார்கள். பிறந்த வீட்டு வழியில் புருலுக்கு இருந்தது இந்த ஒரு தம்பி. இவரும் அழாவிட்டால் அவள் நாதியற்றுப் போனவள் என்றாகிவிடும்.

முதல் கூட்டம் வந்தது. மெலிஸ் வாயைத் திறந்தார்.

"என் ஈரக்குலையே. என்னை விட்டுட்டுப் போயிட்டியே."

வானிலை அறிக்கை மாதிரி இருந்தது.

பக்கத்தில் நின்ற புருலின் மகன் எர்மெக் பல்லைக் கடித்தான். "மாமா, அழுங்க. அறிவிப்புக் குடுக்காதீங்க."

"அழுதுக்கிட்டுதான்டா இருக்கேன்."

"வெளியில தெரியலயே."

தெரியாது. சோவியத் உடைந்து, சம்பளத்துக்குப் பதில் ஆலைகள் சர்க்கரை மூட்டை கொடுத்த காலத்தில், கடல் தாண்டிய நாட்டிலிருந்து ஒரு காதல் தொடர் உள்ளூர் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தது. நிலையத்தில் ஒரே மைக், ஒரே மெலிஸ். நாயகி ரோசால்பா, அவள் காதலன், மாமியார், பாதிரியார், தொட்டில் குழந்தை எல்லாருக்கும் அவர்தான் குரல். மூலக் குரல் கீழே ஓட, அரை மூச்சு பிந்தி இவர் வசனத்தை ஊர் மொழியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நடிக்கக் கூடாது என்பது தொழில் விதி. தொடர் ஓடும் நேரத்தில் தெருவில் நாய்கூட இருக்காது. பசுக்கள் கறக்க ஆளில்லாமல் கத்தும். சந்தையில் பெண்கள் அவர் பையில் ஒரு ரொட்டியைத் திணித்து, அந்த டாக்டரை ரோசால்பா கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

புருல் மட்டும் ஒவ்வொரு நாளும் திட்டுவாள்.

"ஆறேழு பேரு சண்ட போடுறாங்க, அத்தன பேரும் நீ. யாரு யாரத் திட்டுறான்னே விளங்கல. அவ புள்ளையப் பறிகொடுத்துட்டு நிக்குறா, நீ ரயில் வருதுன்னு சொல்ற மாதிரி சொல்ற."

"அழுறது அவ வேலை அக்கா. சொல்றது என் வேலை."

"கதையும் கதையா அது. வாராவாரம் அதே மாடிப்படியில விழுறா. படிக்காவது வலிக்காது?"

ஆனால் மின்சாரம் போனால், மின்சாரம் இருக்கும் தெருவுக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தவளும் அவள்தான். தொடர் முடிந்தது. மெலிஸின் குரல் மட்டும் அப்படியே உறைந்துவிட்டது. மனைவி பெட்டியோடு கிளம்பியபோது அவர் சொன்ன "போகாதே" அவளுக்கே நம்பும்படி இல்லை.

அடுத்து, மூடிப்போன செருப்பு ஆலையின் பழைய பெண்கள் வந்தார்கள். மெலிஸ் மறுபடி சொன்னார். ஒருத்தி நிமிர்ந்தாள்.

"ஏய், இது ரோசால்பால்ல?"

"அவளேதான்டி." அடுத்தவள் கண்ணில் பொலபொலவென்று நீர். "பாவி மக, அந்த மாமியாகிட்ட என்னா பாடு பட்டா."

"நம்மளும் அப்ப எப்படி இருந்தோம்."

கூட்டம் முழுக்கத் தேம்பியது. எர்மெக்குக்குத் திருப்தி. "இப்படியே போங்க மாமா."

மெலிஸ் உற்றுக் கேட்டார். ஒரு வாயிலிருந்தும் புருல் என்ற பெயர் வரவில்லை. கூடாரத்துக்குள் புருலின் மகள் அய்சாதா தனியாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். இவர் குரலுக்கு அடியில் அது அமுங்கிக் கிடந்தது, தொடரின் மூலக் குரல் மாதிரி.

"மாமா, வேன் வந்துருச்சு. பெரிய கூட்டம். ஆரம்பிங்க."

மெலிஸ் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"மாமா, ஊரே பாக்குது."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்த அமைதியில் கம்பளிச் சுவரைத் தாண்டி அய்சாதாவின் குரல் வந்தது. பனியில் மாவு மூட்டை சுமந்த அம்மா, தன் கோட்டை வெட்டி மகளுக்குக் கோட்டுத் தைத்த அம்மா. வந்தவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியால் கண்ணைத் துடைத்து, "புருல், புருல்" என்றார்.

பிறகு உள்ளே போகும்போது பக்கத்து ஆளிடம் சொன்னார், மெலிஸுக்குக் கேட்கும்படியே: "கூடப் பொறந்தவன் கல்லு மாதிரி நிக்கிறான் பாரு."

மெலிஸ் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார். மறுநாள் அடக்கம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. காராகோல் இதுவரை அதை மன்னிக்கவில்லை.