ஓடாத மணிக்கூடு

எனக்குக் கோபம் வருவதில்லை, வரவைக்கிறார்கள். ஆஸ்பத்திரி டொக்டரிடம் முதல் நாளே இதைச் சொன்னேன். அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு என் மருந்துத் துண்டில் எழுதினார். அந்தத் துண்டின் தலையில் ‘முன்னாள் படையாள், கோபக்காரன்’ என்று யாரோ சிவப்பு மையால் இங்கிலீஷில் எழுதிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் நித்திரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் நடப்பதுபோல என்னைச் சுற்றி நடந்தார்கள். அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாலு வருஷம் பீரங்கிப்படையில் இருந்தவன் நான். நாற்பத்திரண்டாம் ஆண்டு யப்பான்காரன் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று, ஒரு பீரங்கிக்குக் குண்டு ஏற்றியவன் இந்தச் சின்னராசா. ஐம்பத்தைந்தாம் ஆண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று தொடக்கம் ஒன்பது வருஷமாக, ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருக்கும் என் வீட்டுக்குள் நான் நுழைந்தால் கதை அடங்கிவிடும். மனைவி கோணேஸ்வரி குசினிக்குள் பக்கத்து வீட்டுக்காரியோடு குசுகுசுப்பாள். என்ன கதை என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று உதடு மட்டும் அசையும். சொந்த வீட்டில் ஒருவனை வைத்துக்கொண்டு இரகசியம் பேசினால் முனிவனுக்கும் கோபம் வரும்.

ஆவணியில் ஒருநாள் அப்படிக் குசுகுசுத்தபோது, அடுப்பால் இறக்கிவைத்த சோற்றுப்பானையைத் தூக்கி எறிந்தேன். அவளுக்கு எறியவில்லை, சுவருக்குத்தான் எறிந்தேன். கஞ்சி அவளுடைய காலில் கொட்டியது. அன்றைக்கே சாம்பல்தீவில் இருக்கும் தன் தம்பி ஆனந்தராசா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் மாறிவிட்டதென்று டொக்டரிடம் கடிதம் வாங்கிவந்தால்தான் திரும்பி வருவாளாம். காய்ச்சலுக்குக் கடிதம் கேட்பார்கள், கோபத்துக்குமா? ஆனாலும் போனேன். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளும் இல்லாமல் அந்த வீட்டில் என்னால் இருக்க ஏலவில்லை.

விழுங்கக் குளிசை தந்தார்கள். வாய்தான் காய்ந்தது, கோபம் காயவில்லை. கோபம் வந்தால் நூறு வரை எண்ணச் சொன்னார்கள். எண்பதுக்கு வரும்போது பக்கத்தில் யாராவது முணுமுணுப்பார்கள், பிறகு ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். எண்ணெய் வைத்து முழுகினேன். கோயிலில் நூல் கட்டினேன். நூல் மட்டும் கையில் மிஞ்சியது.

நாலாம் தரம் ஆஸ்பத்திரி மரவாங்கில் குந்தியிருந்தபோது, “டேய் சின்னராசா!” என்று வாங்கு அதிர ஒரு குரல் கேட்டது. கிண்ணியா அபூதாஹிர். ஒரே பீரங்கியில் என்னோடு நின்றவன். மீன்முள் குத்தி வீங்கிய விரலைக் காட்ட வந்திருந்தான். இருவரும் கதைக்கத் தொடங்கினோம். இரண்டு தரம் தாதி வந்து வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். அவன் என்னைக் கழுதை என்றான், மாடு என்றான். ஒரு மணித்தியாலம் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோபமே வரவில்லை.

வீட்டுக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தன் கைமணிக்கூட்டைக் கழற்றி என் காதருகே பிடித்தான். படையை விட்டு வரும் நாளில் படை டொக்டரும் இப்படித்தான் பிடித்தார். கேட்கவில்லை என்று சொல்வது எங்களுக்கு வெட்கம். காதுக்கு வைக்கத் தந்த பஞ்சால் துவக்குத் துடைத்த ஆட்கள் நாங்கள்.

கேட்குதா என்று அபூதாஹிர் கேட்டான். கேட்குது என்றேன். மற்றக் காதிலும் பிடித்தான். அதிலும் கேட்குது என்றேன். மணிக்கூட்டை என் கையில் வைத்தான். முள் நாலேகாலில் நின்றது. உப்புத்தண்ணி போய் அது ஓடாமல் நின்று இரண்டு வருஷமாம்.

“இது ஓடவே இல்ல. ஒனக்கு என்னத்தடா கேட்டுது?” என்றான். “நானும் இப்பிடித்தான். என்ட பொஞ்சாதி நபீஸா குசுகுசுக்கிறா எண்டு நெனச்சிச் சண்டை புடிச்சிக்கிட்டே கெடந்தன். இப்ப அவ கரையில நிண்டு தோணிக்காரனக் கூப்புடுற மாதிரிக் கத்துவா. எங்கட ஊட்டுக் கதை கிண்ணியாவில பாதிப்பேருக்குத் தெரியும். ஆனா சண்டை இல்ல.”

ஒருவரும் குசுகுசுக்கவில்லை. எனக்குக் கோபம் வரக்கூடாதென்று மெதுவாகக் கதைத்திருக்கிறார்கள். அது கேட்காமல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கோபத்தைக் கண்டு இன்னும் மெதுவாகக் கதைத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷம் இப்படிப் போனதை நினைக்க எனக்கு என் காதைப் பிய்த்து எறியவேண்டும் போல இருந்தது. டொக்டரைப் பார்க்காமலே சாம்பல்தீவு பஸ்ஸில் ஏறினேன். கோபம் என்னுடையதல்ல, காதினுடையது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். கடிதத்தைவிடப் பெரிய அத்தாட்சி கையில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு.

கோணேஸ்வரி முற்றத்துக்கு வந்தாள். ஒரு கால் சீலைத்துணியால் கட்டியிருந்தது. மணிக்கூட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் ஏதோ சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது.

“எனக்குக் கேக்கேல்ல. சத்தமாக் கதையும்,” என்றேன்.

அவள் கட்டுப்போட்ட காலை எடுத்துவைத்து எனக்குக் கிட்ட வந்தாள். பிறகு அவளுடைய வாயிலிருந்து வந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. வேலிக்கு அப்பால் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“காது கேக்கேல்ல, சரி. பானையைத் தூக்கி எறிஞ்சது உங்கட காதோ, கையோ?”

ஒரு சொல் தப்பாமல் கேட்டது. வழக்கமான கோபம் நெஞ்சுக்குள் ஏறியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆனந்தராசா ஓடிவந்து, அக்கா மெதுவா, அக்கா மெதுவா என்று கையால் அமர்த்தினான். அவனை விலகி நிற்கச் சொன்னேன்.

“கைதான்,” என்றேன். “சொல்ல இன்னும் இருக்கோ?”

“ஓம், இருக்கு. ஒன்பது வருசத்துக்கு இருக்கு,” என்று கத்தினாள்.

நான் முற்றத்தில் கிடந்த கதிரையை இழுத்து, அவளுக்குக் கிட்டவாகப் போட்டு, அவள் சொல்வதைக் கேட்கக் குந்தினேன்.