இல்லாத மேடு

1

இந்தக் கதை ஒரு மெத்தைக் கடையில் கிடைத்தது. மணிலாவில், பழைய மால் ஒன்றின் கீழ்த்தளம். தலையணை வாங்கப் போன நான், நடுக்கடையில் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கி நடந்தேன். விற்கிற பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள். அங்கேதான் முன்பு நாங்கள் ஐஸ் ஹாக்கி ஆடிய பனித்தளம் இருந்தது. நான் ஒதுங்கியது மேட்டுக்காக.

கடையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது. கூரையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

2

"வெயில் கொளுத்தும் நாட்டில் பனியைக் கனவு கண்ட இளைஞர்கள்—"

இப்படித் தொடங்க வேண்டாம். யாரும் கனவு காணவில்லை. என் அப்பா, பக்கத்து ஊரான நவோத்தாஸின் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி சுமந்தவர். ஒரு பக்கத் தோள் மரத்தே கிடக்கும். எங்கள் வீட்டில் ஐஸ் என்றால் கூலி. நாட்டுக்கு ஒரு ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது, நான் அதில் மாற்றுக் கோல்காவலன் என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அந்த ஐஸுல மீனு எங்கடா?"

3

மேட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. (இதை முதலிலேயே வைத்திருக்க வேண்டும். இருக்கட்டும்.)

மால் திறக்கும் முன் பயிற்சி. வெளியே இருக்கும் ஈரக்காற்று உள்ளே நுழைந்து கூரையில் வியர்க்கும். அது கோலுக்கு முன்னால், எப்போதும் ஒரே இடத்தில் சொட்டி உறையும். செதுக்கி எடுத்தால் மறுநாள் முளைத்துவிடும். யாராவது ரப்பர் வட்டோடு அந்தப் பக்கம் பாய்ந்தால், பெஞ்சில் இருப்பவர்கள் "மேடு!" என்று கத்துவோம். அவன் வலப்பக்கம் ஒதுங்குவான். ஒதுங்காத டென்சியோவுக்கு முன்பல் இரண்டு இல்லை.

4

லுசிலோவை எப்படி எழுதுவது? வீரனாக எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. பகலில் இறைச்சிக் கிடங்கில் பன்றித் தொடை தூக்குகிறவன். முட்டி தேய்ந்துபோனவன். அணியோடு நாங்கள் போன அந்த வெளிநாட்டுப் போட்டிதான் தனக்குக் கடைசி என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

எங்கள் நாடு அதுவரை ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அங்கேயும் வரிசையாகத் தோற்றோம். கடைசி ஆட்டத்தன்று காலை, அறையில் கருவாடு வறுத்து, விடுதிக்காரனிடம் திட்டு வாங்கிய கையோடு பூண்டுச் சோறு தின்றுகொண்டிருந்தோம்.

"குயா, இன்னிக்காவது ஒண்ணு போட்ரு," என்றான் டென்சியோ லுசிலோவிடம். குயா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். "அப்பா டீம் கோல் போடும்னு எம் மவன் பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கான்."

"உம் மவன்தானே? நீயே போடு."

"நான் சிரிச்சாலே நடுவர் பயந்துக்கிறான், குயா."

எல்லோரும் சிரித்தோம். லுசிலோ கருவாட்டின் முள்ளை எடுத்துக்கொண்டே, "ஒண்ணு போதும்டா," என்றான். "ஒண்ணு போட்டுட்டா, இந்த முட்டிய இங்கேயே கழட்டிப் போட்டுட்டு வந்துருவேன்."

5

ஆட்டம் முடியும் நேரம். லுசிலோவிடம் வட்டு. எதிரே கோல்காவலன் மட்டும். அவர்களுடைய தளம் கண்ணாடி மாதிரி, சொட்டுநீரே அறியாதது. நேராகப் போயிருக்கலாம்.

பெஞ்சில் இருந்த நாங்கள் கத்தினோம். நானும்தான்.

"மேடு!"

லுசிலோ ஒதுங்கினான்.

(முடிவு ஒன்று: அப்படி ஒரு திருப்பத்தைப் பார்த்தே இராத கோல்காவலன் மறுபக்கம் விழுகிறான். வலை குலுங்குகிறது. நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

முடிவு இரண்டு: ஒதுங்கியதில் கோணம் கெட்டு, வட்டு கம்பத்தில்— நீங்கள் உச்சுக்கொட்டுகிறீர்கள்.

கைதட்டலும் உச்சுக்கொட்டலும் ஊர் திரும்பியபோதே வேண்டிய மட்டும் வாங்கிவிட்டோம்.)

6

நடந்தது எனக்குத் தெரியும். டென்சியோவின் மகனுக்கும் தெரியும். ஆனால் நான் கோல்காவலன், தடுத்தே பழகியவன். எதிரே வட்டு வந்தால் என் கை தானாக நீளும். லுசிலோவின் வட்டுக்கு முன்னால் நான் நிற்கக் கூடாது.

அதனால் முடிவை எழுதாமல் விலகிக்கொள்கிறேன். லுசிலோ அடித்துவிட்டான். அடித்த வேகத்தில் முட்டி மடங்கி, விழுந்துகொண்டே பார்க்கிறான். வட்டு வருகிறது.

வலைக்கு முன்னால் இப்போது நிற்பது நீங்கள்.