இழுவையின் முறை

பேக்கரிக்கு மேலே, மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில், ஞாயிறு பிற்பகல்களில் நான்கு பேர் கூடுவார்கள். நால்வரும் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள். அவரவர் காய்ச்சியதைக் கொண்டுவந்து, ருசி பார்த்து, மனதாரச் சண்டை போடுவார்கள்.

அந்தச் சண்டைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஊரே ஒத்துக்கொள்ளாத கருத்து ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்கிறவர் கையில் ஒரு கோப்பை பீர் இருக்கும். அதை அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. கோப்பை காலியானால்தான் அடுத்தவர் முறை. மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டவர்கள், இந்த ஒன்றை மட்டும் மீறியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பேக்கரிக்காரருக்குப் பழம் போட்டுப் புளிக்கவைத்த பீர் வேண்டும். பல் டாக்டரம்மாவுக்குக் கரி நிறத்தில் கசக்க வேண்டும். "கசப்பு நாக்கைப் பிடிச்சு இழுக்கணும். இல்லேன்னா சோடா குடிச்சிட்டுப் போகலாமே" என்பார். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெளிவு ஒன்றுதான் வேதம். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடி லென்ஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனிதர். "கிளாசுக்குப் பின்னாடி பேப்பரை வச்சா எழுத்துப் படிக்க முடியணும். கலங்கினது பீரே இல்லைங்க, பாத்திரம் கழுவின தண்ணி" என்று அடித்துச் சொல்வார்.

நான்காமவர் லிப்ட் மெக்கானிக். கோதுமையில் பால்போலக் கலங்கிய பீர் காய்ச்சுவார். அவருடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் லிப்ட் ஒரு மாடி ஏறி இறங்கிவிடும். அதனால் அவருக்கு இழுவை என்று பேர் வைத்திருந்தார்கள். அவரும் அந்தப் பேருக்குச் சிரித்த முகமாகவே திரும்பிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு, அவர் முறை வந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு... ரொம்ப நாளா... ஒண்ணு சொல்லணும். இந்தத் தெளிஞ்ச பீருல..."

நிறுத்தினார். சொல்லைத் தேடினார். மூவரும் காத்திருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, எட்டி அந்தக் கோப்பையைப் பிடுங்கி, ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டார்.

"காலி! இழுவை முடிஞ்சுது, அடுத்த ஆளு யாரு?"

அறை அதிரச் சிரித்தார்கள். இழுவையும் சிரித்தார். வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் தூக்கத்திலேயே அவர் உயிர் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அவருடைய அக்கா கண்ணாடிக்கடைக்கு வந்தார். அக்காவும் தம்பியும் மட்டும்தான் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"தம்பி, சனிக்கிழமை நான் வீட்டைக் காலி பண்ணணும். மககிட்ட போறேன். எல்லாத்தையும் கட்டிட்டேன். அவன் காய்ச்சி வச்ச பானை ஒண்ணு மட்டும் சமையலறையில நிக்குது. ஊத்திடலாம்னு போனா... அது மூச்சு விடுது, தம்பி. மூச்சு விடுறதை எப்படிக் கொட்டுறது?"

"அது மூச்சு இல்லைங்க அக்கா. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு காத்தை விடும். ரெண்டு வாரத்துல அடங்கிடும்."

"ஆறு வாரம் ஆச்சே."

கண்ணாடிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு அவருடன் போனார்.

சமையலறையில் பாதிச் சாமான் பெட்டிகளுக்குள் போயிருந்தது. மேடைமேல் பெரிய கண்ணாடிப் பானை. அதன் மூடியில் தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாய், ஏர்லாக். உள்ளே உண்டாகும் காற்று அதன் வழியே குமிழியிட்டு வெளியேறும். 'புளுக்' என்றது. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி 'புளுக், புளுக்.'

சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவைக் கோலை அவர் கொண்டுவந்திருந்தார். கொஞ்சம் பீர் எடுத்து அளந்தார். சர்க்கரை துளியும் இல்லை. ஈஸ்டுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. மறுநாளும் வந்து அளந்தார். அதே அளவு. ரப்பர் அடைப்பை மாற்றினார். வெயில் படாத மூலைக்குப் பானையை நகர்த்தினார். தொட்டால் பானை சில்லென்றிருந்தது. குமிழி நிற்கவில்லை.

"அடைப்புல கோளாறு இல்ல, சூடும் இல்ல. அப்ப இது எங்கேருந்து..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார்.

அவர் பேசத் தொடங்கியபோது ஒரு குமிழி குழாயில் பாதி ஏறியிருந்தது. அது வெடிக்காமல் அப்படியே நின்றது. அவர் வாயை மூடியதும் மெல்ல மேலே வந்து உடைந்தது. 'புளுக்.'

"நான் பேசினாலும் இப்படித்தான், தம்பி" என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. அவர் பேசிய அந்த நேரம் குழாய் அசையவில்லை. "போன்ல மககிட்ட பேசினாக்கூட அடங்கிடும். வச்சதும் ஆரம்பிச்சிடும்."

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து பானையருகே காதைக் கொண்டுபோனார். ஒன்றிரண்டு குமிழி, பிறகு நிறுத்தம், பிறகு அவசரமாக ஒன்று, மறுபடி தேடுகிறாற்போல் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தங்களை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடம் அந்த நிறுத்தங்களில்தான் அவர் குறுக்கே புகுந்து பேசியிருக்கிறார். யார் பேச்சையும் வெட்டாமல், இடைவெளி கிடைக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆளைத்தான் அவர்கள் இழுவை என்று கூப்பிட்டார்கள்.

"அக்கா, நான் அவர் கையிலேருந்து கோப்பையைப் பிடுங்கிட்டேன்" என்றார் அவர். நடந்ததைச் சொல்லி முடிக்கிற வரை குழாய் அசையவில்லை. அக்கா திட்டவில்லை. புடவைத் தலைப்பால் பானையின் தூசியைத் துடைத்தார்.

"வந்து சொன்னான். 'இன்னைக்குச் சொல்ல முடியல அக்கா, அடுத்த தடவை சொல்லிக்கிறேன்'னான்."

"என்ன சொல்ல இருந்தாராம்?"

"நான் கேட்கலை, தம்பி. அடுப்பு வேலையா இருந்தேன்."

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக்கடைக்காரர் மற்ற இருவரையும் கூட்டிவந்தார். சாமான் ஏற்ற வேன் பத்து மணிக்கு வரும். பேக்கரிக்காரர் சமையலறை வாசலிலேயே முணுமுணுத்தார்.

"என்னய்யா இது, பானைக்குப் பயந்துகிட்டு? ஈஸ்ட் செத்தா அதையே இன்னொரு ஈஸ்ட் தின்னும். நான் மாவுல தினமும் பார்க்கிறேன்."

"உங்க மாவு நீங்க பேசினா வாயை மூடுதா?" என்றார் பல் டாக்டரம்மா.

"என் மாவுக்கு அவ்வளவு மரியாதை தெரியாதும்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும் எழுந்த 'புளுக்'கைக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் பானையிலிருந்து ஒரு கோப்பை பிடித்தார். பால்போலக் கலங்கியிருந்தது. அதை அக்காவிடம் நீட்டினார்.

"அவர் முறை இன்னும் முடியலை. அவருக்காக நீங்க குடிக்கணும். மெதுவா. அது காலியாகிற வரைக்கும் நாங்க யாரும் பேச மாட்டோம்."

"நான் இதை வாயில வச்சதே இல்லையே, தம்பி."

"எங்கள்ல யாரு குடிச்சாலும் அது பிடுங்கின மாதிரிதான் ஆகும், அக்கா."

அக்கா கண்ணை மூடி ஆண்டவனை நினைத்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தது. நால்வரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள்.

குமிழிகள் தொடங்கின. ஒன்று. நீண்ட நிறுத்தம். இரண்டு. வெளியே யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசியபோது அடங்கி, அவர்கள் போனதும் விட்ட இடத்தில் தொடர்ந்தது. ஒரு நிறுத்தத்தில் கண்ணாடிக்கடைக்காரருக்கு நாக்கு நமநமத்தது. அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கிற பழைய பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டரம்மா அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல். பேக்கரிக்காரர் மாவு படிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப்படுகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் சொல்லப்படுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

வேன்காரன் ஹாரன் அடித்தான். யாரும் எழவில்லை. ஒரு மனிதன் சொல்லி முடிக்கிற வரை உட்கார்ந்திருப்பது எவ்வளவு சின்ன உதவி, அதைச் செய்யாமல் எத்தனை ஞாயிறு போயிற்று என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

அக்கா கடைசி மிடறைக் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். குழாயில் பெரிதாக ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அதன்பிறகு தண்ணீர் மட்டம் மெதுவாக இறங்கி, அசையாமல் நின்றது. அந்த அமைதி சமையலறையை விட்டு ஒரு ஆள் எழுந்து போனதுபோல் இருந்தது.

"ரொம்பக் கலங்கலா இருக்கே, இது இப்படித்தான் இருக்கணுமா?" என்று கேட்டார் அக்கா, வாயைத் துடைத்துக்கொண்டே.

மற்ற இருவரும் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். இதற்கு அரைமணி நேரம் பேசக்கூடியவர்.

"அவருக்கு இப்படித்தான் பிடிச்சிருந்தது, அக்கா."

வேன்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். அக்கா பானையின் கழுத்தைப் பிடித்தார்.

"அப்ப ஊத்திடலாமா, தம்பி?"

கண்ணாடிக்கடைக்காரர் இருங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். யாராவது இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறார்களா என்று பானையின் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார்.