பதினெட்டாவது கோட்டை

மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து அம்மாவின் வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் கீர்த்தனா. கட்டைவிரல் நுனி காய்த்துப் போயிருந்தது. காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் அதைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"இருபத்தெட்டு வருசம் கலெக்டர் ஆபீஸ்ல டைப் அடிச்ச வெரலு, பாவம்."

"டைப் அடிச்சு வந்தது இல்லக்கா. கேம் ஆடி வந்தது."

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா என்று ஜோதியம்மாளின் முகம் கேட்டது. கீர்த்தனா அந்த விரலை இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

அம்மா சந்திரகலாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம். செவ்வாயும் சனியும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்க அவளுக்கு வராது. கையில் வைத்து ஆடுகிற கேம் கம்ப்யூட்டர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். விண்டோஸ் இல்லாமல் லினக்ஸில் ஓடுவது; சில கேம்கள் அதில் ஓடாது. "விண்டோஸ் போட்டுத் தரேன் ஆன்ட்டி, எல்லா கேமும் ஓடும்" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். "ஓடறத ஆடிக்கிறேன். ஓடாததுக்கு நான் அழலியே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இடது பக்கப் பொத்தான்களின் வேலையை எல்லாம் வலது பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மாற்றிவைக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் ஒரே கையால் படை நடத்தினாள். கோட்டை கோட்டையாகப் பிடிக்கிற ஆட்டம்.

கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் அதன் குணம் குற்றம் சொல்லுவாள். "வெயிட்டு ஜாஸ்தி, தலகாணி மேல வெச்சிக்கணும். சார்ஜ் கம்மி, மூணு மணி நேரம் தாண்டாது. ஆனா நர்ஸ் பிரஷர் பாக்க வந்தா ஒரு பட்டன அழுத்து, தூங்கிடும். திரும்ப அழுத்தினா விட்ட எடத்துலயே நிக்கும். நமக்குத்தான் அந்த வசதி இல்ல."

பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மாள். சாத்தனூர்ப் பக்கம் மணிலாக்கடலை பயிரிடுகிற குடும்பம். ஒருநாள், "போதும், இனிமே வரமாட்டேன்" என்று ஊசியைக் கழற்றச் சொல்லி எழுந்துவிட்டாள். சந்திரகலா திரையை அவள் பக்கம் திருப்பி, "சனிக்கிழம பத்தாவது கோட்டைய அடிக்கப் போறேன். வந்து பாரு" என்றாள். வந்தாள். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

நேற்று வியாழக்கிழமை மூச்சு வாங்கி ஆட்டோவில் போகும்போதும் அம்மா சொன்னது அந்தக் கருவியைப் பற்றித்தான். "சனிக்கிழம அத கன்னியம்மாகிட்ட குடுத்து ஆடக் காட்டிடு. இல்லன்னா அவ வரமாட்டா." ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது உயிர் இல்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்த இராமலிங்கம் மாமா, தங்கையின் முகத்தைப் பார்த்துக் குலுங்கி அழுதார். அழுது முடித்ததும் கீர்த்தனாவைத் தனியே அழைத்தார்.

"அந்த வெளையாட்டுப் பொட்டி எங்க? அவகூடவே குழியில வெச்சிடலாம். ஆசப்பட்ட பொருள் வூட்ல இருந்தா அவ மனசு இங்கயே சுத்தும்."

"அத வேற ஒருத்தருக்குக் குடுக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க மாமா."

"இந்த வயசுல பசங்க மாதிரி ஆடறாளேன்னு சொந்தக்காரங்க சிரிச்சது போதாதா? ஊருக்கு வேற காட்டணுமா?"

விஷயம் அதுதான். மனசு சுத்துவதெல்லாம் பேச்சுக்கு. அவருக்கு வெட்கமாக இருந்தது. கீர்த்தனாவுக்கு அவர்மேல் இருந்த இரக்கம் அந்த நிமிஷமே போயிற்று.

பாடை தயாரானது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு அம்மாவைக் கிடத்தி மாலைகளைப் போட்டார்கள். பறை உச்சத்துக்குப் போக, நான்கு பேர் குனிந்தபோது, கோடிப் புடவைக்கடியில் இடுப்போரமாக ஒரு கறுப்பு மூலை தெரிந்தது. கீர்த்தனா வீட்டுக்குள், கருவியை வைத்திருந்த அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது.

"நிறுத்துங்க."

கூட்டத்தை விலக்கிப் போய், புடவையைத் தூக்கி, அதை உருவி எடுத்தாள். பறை நின்றது. பெண்கள் கூட்டத்தில் யாரோ "ஐயையோ" என்றார்கள்.

"பாடையில வெச்சத திருப்பி எடுக்கக் கூடாது. வூட்டுக்கு ஆவாதுடி!" மாமா கத்தினார்.

"ஆகக் கூடாதது ஆயிடுச்சு மாமா. அதோ படுத்திருக்காங்க."

"குடு இப்படி."

"குடுக்க மாட்டேன். இது உசுரோட இருக்கறவங்களுக்கு. பொணத்துக்கு இல்ல."

அம்மாவைப் பிணம் என்று தன் வாயே சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே அதை நெஞ்சோடு அணைத்து நின்றாள். கை மட்டும் இளகவில்லை.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றிருந்த அப்பா வேடியப்பன் திரும்பாமலே சொன்னார்.

"அவ எடுத்துக்கட்டும். நீங்க தூக்குங்க."

மறுநாள் சனிக்கிழமை காலை கீர்த்தனா செருப்பை மாட்டும்போது, "தீட்டோட எங்கடி போற? பதினாறு முடியட்டும்" என்று ஜோதியம்மாள் வாசலை மறித்தாள்.

"கன்னியம்மாவுக்குப் பதினாறு நாள் தாங்காதுக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் கன்னியம்மாள் கட்டில் ஓரத்தில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஊசியோடு காத்திருந்தாள்.

"சந்திரக்கா இல்லியாமே. நான் கெளம்பறேம்மா. எனுக்கு இன்னா கீது இங்க?"

கீர்த்தனா பையை வாங்கிக் கீழே வைத்தாள். தலையணையை எடுத்து அவள் மடியில் போட்டு, அதன்மேல் கருவியை வைத்து, பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது. பதினெட்டாவது கோட்டைக்கு வெளியே, செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலேயே, படை நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் புடிக்கலியா?" என்றாள் கன்னியம்மாள்.

"இல்ல. இடது கைய அவங்ககிட்ட குடுங்க. வலது கை போதும்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நர்ஸ் பக்கம் நீட்டினாள். ஊசி ஏறியபோது முகம் சுளித்தது. வலது கட்டைவிரல் வழி தெரியாமல் கருவியின்மேல் அலைந்து, தேய்ந்து வழவழப்பாகியிருந்த ஓரிடத்தில் போய் நின்றது.